கண் அட்டையைத் தலைகீழாக மாட்டியது பற்றி மரகதம் சொன்னது

நாள்: 18-2-1971, வியாழக்கிழமை. நேரம்: பகல் இரண்டு மணி.
எழுதியவர்: தலைமைக் காவலர் குழந்தைவேலு.

என் பெயர் மரகதம். வயது அறுபத்து மூன்று. ரேஷன் கார்டில் ஐம்பத்தெட்டு என்று இருப்பது அன்றைக்கு எழுதிய குமாஸ்தாவின் சோம்பல்; என்னைக் கேட்காமல் என் பல் வரிசையைப் பார்த்து எழுதினார். சாத்தம் மர ஆலையில் மரம் புரட்டும் வேலை பார்த்துக் காலமான ஜம்புலிங்கத்தின் மனைவி. இருப்பு புரோத்ராபூரில், கிணற்றுக்கு மேல்புறம், இரட்டைப் பாக்கு மரம் நிற்கிற வீடு. பிறந்தது சிவகங்கைப் பக்கம். 1953ஆம் வருஷம் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தேன். இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். வீட்டுக்குப் பின்னால் சேனையும் கீரையும் போட்டு பஜாரில் விற்கிறேன். என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. கப்பலில் வந்தபோது என் செம்பை எடுத்து வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சாதித்தவள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அது இந்த வழக்குக்கு வேண்டாம் என்று எழுதுகிறவர் சொல்வதால் விடுகிறேன். மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இங்கே வாக்குமூலத்தை இந்தியில் எழுதுவதுதான் வழக்கம் என்று பெரிய அதிகாரி சொன்னார். இந்தி எனக்குப் பேச வரும், சண்டை போடவும் வரும். ஆனால் திருப்பிப் படித்துக் காட்டினால் எங்கே எதை விட்டார்கள் என்று பிடிக்கிற அளவுக்கு வராது. தமிழில் எழுதினால் சொல்கிறேன், இல்லாவிட்டால் நாளெல்லாம் இந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அதன் பிறகு குழந்தைவேலுவை வரவழைத்தார்கள்.

என் மேல் உள்ள புகாரை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். இந்த மாதம் பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சாத்தம் பாலத்துக்கு இப்பால் உள்ள பழைய மரக்கிடங்கின் தாழ்வாரத்தில் நடந்த கண் முகாமில், கண் பரிசோதனை உதவியாளர் ராஜமாணிக்கம் என்பவரை நான் வேலை செய்யவிடாமல் தடுத்தேன், அரசாங்க அட்டையைக் கிழித்தேன், அவரைக் கீழே தள்ளினேன், கண்ணுக்குப் போட்டுப் பார்க்கிற கண்ணாடிச் சில் பெட்டியை உடைத்தேன் என்பது புகார். இதில் வேலையைத் தடுத்தது உண்மை. மற்ற மூன்றும் பொய். புகாரில் இல்லாத இன்னொன்றை நான் செய்தேன். அதை அவர் எழுதாமல் மறைத்திருக்கிறார். மறைத்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்குப் போன வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும்.

போன வருஷம் மாசி ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இதே கிடங்கில் முகாம் நடந்தது. மெயின்லாண்டிலிருந்து ஆபரேஷன் செய்கிற டாக்டர் வருஷத்துக்கு ஒரு தரம் கப்பலில் வந்து, நான்கு நாள் இருந்துவிட்டு, அடுத்த கப்பலில் போய்விடுவார். அவர் கையில் போய்ச் சேருவதற்கு முன்னால் தாழ்வாரத்தில் மேற்படி ராஜமாணிக்கத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஊரார் அவரைக் கண் கம்பவுண்டர் என்பார்கள். எனக்கு அப்போது இடது கண்ணில் பால் ஆடை கட்டியிருந்தது. வலது கண்ணில் புகை. நானும் ருக்குவும் அன்னம்மாளும் விடியற்காலையில் நடந்து போனோம். ருக்கு என் வீட்டுக்குக் கீழ்ப்புறத்து வீட்டுக்காரி, என்னைவிட எட்டு வயது இளையவள், அவளுக்கு இரண்டு கண்ணிலும் புகை. அன்னம்மாள் பக்கத்துத் தெரு, எனக்கு மதினி முறை. எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது வரிசையில் நின்றார்கள். பம்பூபிளாட்டிலிருந்து படகில் வந்தவர்கள், வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லோரும் இருந்தார்கள்.

பரிசோதனை நடந்த விதம் இது. கம்பவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் பேரேடு. அவருக்குப் பின்னால் சுவரில் அட்டை தொங்கியது. அட்டையின் மேலும் கீழும் உருட்டுக் குச்சி, மேல் குச்சியில் கயிறு கட்டி ஆணியில் மாட்டியிருந்தது. படிக்காதவர்களுக்கான அட்டை அது. எழுத்துக்குப் பதிலாக மூன்று பல் சீப்பு மாதிரிக் கறுப்பாகப் போட்டிருக்கும். மேல் வரிசையில் ஒன்று, பெரியது. கீழே வர வர எண்ணிக்கை கூடும், அளவு சிறுக்கும். ஏழு வரிசை, மொத்தம் இருபத்தெட்டு. தரையில் சுண்ணாம்புக் கோட்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சீப்புக்கும் பல் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். எல்லா ஜாதிக்கும் பொதுவாக இந்தியில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். மேலே என்றால் ஊப்பர், கீழே நீச்சே, வலப்பக்கம் சீதா, இடப்பக்கம் உல்டா. அவர் குச்சி வைத்து இது என்ன அது என்ன என்று காட்டவில்லை. அட்டைப் பக்கம் திரும்பவும் இல்லை. 'போலோ' என்பார், நாம் மேலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நாற்பது பேர் சொல்வதும் வரிசையில் நிற்கிற எல்லார் காதிலும் விழுந்தது.

சொல்லத் தெரியாமல் திணறியவர்களை அவர் நடத்திய விதத்தை நான் நின்று பார்த்தேன். ஒரு வங்காளிக் கிழவரை "அந்தா ஹை க்யா?" என்று கேட்டார். குருடனா என்று அர்த்தம். குருட்டுத்தனம் இருக்கிறதென்றுதானே அவர் அங்கே வந்திருக்கிறார். அன்னம்மாள் முதல் சீப்பிலேயே நின்றுவிட்டாள். "ஏ புடியா, கூங்கீ ஹை க்யா?" என்று கேட்டு, அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "உதர் பைட்டோ" என்று வாசலில் இருந்த படாக் மரத்தடியைக் காட்டினார். புடியா என்றால் கிழவி, கூங்கீ என்றால் ஊமை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். இருபத்தெட்டும் சொன்னவர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்.

இந்தத் தீவில் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் கண்டது ஒன்றுதான். கையில் சீட்டு இருப்பவனுக்கு அரிசி, சீட்டு இருப்பவனுக்கு மண்ணெண்ணெய், கூரைத் தகரம், கப்பலில் இடம். சீட்டு இல்லாதவன் மரத்தடியில் உட்கார வேண்டும். கண் முகாமில் மட்டும் அது நேர்மாறு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் ஆபரேஷன், சீட்டு வாங்கினவர்களுக்குக் கண் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அங்கே கணக்கு. ஒரு தரம் வாய் திறந்து அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, திணறியவனுக்கே என்ன கிடைத்தது என்று பார்த்துக்கொண்டுதானே நின்றோம்.

ஒரு தரம் கேட்டால் எனக்கு மறக்காது. இருபத்தெட்டையும் முதலில் முழுசாகச் சொன்னது ஏழாவது ஆள், அப்போதே மனதில் ஏற்றிக்கொண்டேன். என் முறை வந்தது. வலது கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னார், சொன்னேன். வலது கண்ணை என் உள்ளங்கையாலேயே மூடிக்கொண்டு இடது கண்ணால் சொல்லச் சொன்னார். இடது கண்ணுக்கு அட்டை எங்கே தொங்குகிறது என்பதே தெரியவில்லை, சுவர்தான் வெளுப்பாகத் தெரிந்தது. அதே பாடத்தைத் திரும்பவும் ஒப்பித்தேன். சீதா. ஊப்பர், உல்டா. நீச்சே, நீச்சே, சீதா. உல்டா, ஊப்பர், சீதா, நீச்சே. இப்படியே கடைசி வரைக்கும். இன்று இந்த நிலையத்திலும் முழுவதையும் சொன்னேன். கைப்பற்றி வைத்திருக்கிற அட்டையைத் துண்டு சேர்த்து வைத்து எழுதுகிறவர் ஒத்துப் பார்த்தார். பிழை இல்லை.

கம்பவுண்டர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டீக் ஹை" என்றார், சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தூக்கியிருந்தால் என் இடது கண்ணில் இருந்த வெள்ளை தெரிந்திருக்கும். பஜாரில் கீரை வாங்க வருகிற குழந்தை கூட, பாட்டி கண்ணில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும். அவருக்குத் தெரியவில்லை. என் கையில் சீட்டைத் திணித்தார். எனக்கு அடுத்து நின்ற ருக்குவும் தப்பில்லாமல் சொன்னாள், அவளுக்கும் சீட்டு. இரண்டு பேரும் சந்தோஷமாக அன்னம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று சாயங்காலம் வரைக்கும் பாலத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஆலைச் சங்கு ஊதிய பிறகு கிடங்கைச் சாத்தினார்கள். அதன் பிறகு வீட்டுக்கு நடந்தோம். அன்னம்மாளை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு மருமகள் சுசீலா, எட்டாவது படித்தவள், சீட்டை வாங்கிப் பார்த்தாள். "என்ன அத்தை, பார்வை சரியா இருக்கு, சிகிச்சை வேண்டாம்னு எழுதியிருக்கு?" என்று கேட்டாள். நான் அப்படியே கிளம்பிப் போனேன். வாசலிலேயே கம்பவுண்டர் மடக்கினார். அவர் திருச்சிக்காரர், நல்ல தமிழ் பேசுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முந்தின நாள் பூராவும் ஒரு தமிழ் வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

"நேத்து இருபத்தெட்டும் சொன்ன கண்ணு, ராத்திரியில கெட்டுப்போச்சோ?" என்று கேட்டார்.

"தெரிஞ்சு சொல்லலை சாமி. மத்தவங்க சொன்னதைக் கேட்டு மனப்பாடமாச் சொன்னேன்" என்றேன்.

"மனப்பாடமா? பி.ஏ. படிச்சவனுக்கே வராது. நீ பெரிய வித்வானோ?" என்று சிரித்தார். நான் அந்த இடத்திலேயே முதலிலிருந்து ஒப்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "அப்போ அரசாங்கத்தை ஏமாத்தினேன்னு நீயே ஒத்துக்கறே. போ, இல்லேன்னா எழுதிக் குடுத்துடுவேன்" என்றார். நான் போகவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் நின்றேன். டாக்டர் பின்பக்கமாக வந்து பின்பக்கமாகப் போகிறவர். பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை கப்பல் புறப்பட்டது.

அதன் பிறகு ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் என் இடது கண் சிவந்து, மண்டை பிளக்கிற மாதிரி வலித்தது. குடித்த கஞ்சி நிற்கவில்லை. சுசீலாவும் அவள் புருஷனும் என்னை ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே ஜெயமணி என்ற நர்ஸ் இருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள் என்னைத் தொடுவதற்கு முன்னால், "அம்மா, என் கை இப்போ உங்க நெத்தியில படும். சொட்டு மருந்து விடப் போறேன். முதல்ல குளிரும், அப்புறம் எரியும். பத்து எண்ணுங்க, எரிச்சல் நின்னுடும்" என்றாள். பத்து எண்ணினேன், நின்றது. அவள் மேல் எனக்குக் குறை இல்லை, பேச்சில் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அங்கிருந்த டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ சொன்னார். அவர் போன பிறகு ஜெயமணி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடை முற்றி உள்ளே வெடித்துவிட்டது, அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் வராது, போன மாசியிலேயே எடுத்திருக்க வேண்டும், வலது கண்ணை அடுத்த முகாமில் விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாள். மரத்தடிக் கணக்கையும் அவள்தான் எனக்கு விளக்கினாள். சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை.

அன்னம்மாள் இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தானே ஊசியில் நூல் கோக்கிறாள். என் வீட்டுக்கு வந்து என் அரிசியில் கல் பொறுக்கித் தருகிறாள். "நான் ஒண்ணுமே சொல்லத் தெரியாம நின்னேன் மதினி, அதுக்கு எனக்குக் கண்ணு வந்திருச்சு. நீங்க எல்லாத்தையும் சொன்னீங்க" என்று ஒரு நாள் சொன்னாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இந்த வருஷம் முகாம் என்று தமுக்கு அடித்தார்கள். பதினாறாம் தேதி நான் ருக்குவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இப்போது பகலும் மங்கல்தான், அடுப்பில் கை வைத்துவிடுகிறாள். அதே கிடங்கு, அதே சுண்ணாம்புக் கோடு, அதே அட்டை, அதே கம்பவுண்டர். வரிசையில் எங்களுக்கு முன்னால் பழனிசாமி என்ற பெரியவர் நின்றார், பம்பூபிளாட்டில் தென்னை ஏறினவர், இரண்டு கண்ணிலும் ஆடை. அவர் என்னிடம் திரும்பி, "தாயி, நீங்கதானே புரோத்ராபூர் மரகதம்? உங்களுக்கு முழுசும் பாடமாமே. நீச்சேக்கு அப்புறம் எனக்குக் குழம்புது. கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார்.

என் பெயர் பம்பூபிளாட் வரைக்கும் இப்படிப் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவரிடம், "அண்ணே, தெரியலைன்னு சொல்லுங்க. தெரியலைன்னு சொன்னாத்தான் ஆபரேசன். சீட்டு வாங்கிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்றேன். அவர் நம்பவில்லை. "அது எப்படித் தாயி? சீட்டு இல்லாம எது நடந்திருக்கு இந்த ஊர்ல?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியிலும் சொன்னேன். ஒரு தெலுங்குக்காரி, தன் இடத்தைப் பிடிக்க நான் தந்திரம் செய்கிறேன் என்றாள். பழனிசாமி எனக்குப் பின்னால் நின்ற ஒருவரிடம் கேட்டு மீதியைப் படித்துக்கொண்டார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் என்ன சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

பத்து மணிக்குக் கம்பவுண்டர் டீ குடிக்க எழுந்து போனார். நான் சுவரைத் தடவிக்கொண்டு போய், அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, மேல் குச்சியில் இருந்த கயிற்றை அவிழ்த்துக் கீழ்க் குச்சியில் கட்டி, தலைகீழாக மாட்டினேன். பெரிய சீப்பு அடியில் போய்விட்டது, பொடி சீப்புகள் எல்லாம் மேலே வந்துவிட்டன. வலது கண்ணுக்கு அருகில் பெரியது மட்டும் தெரியும், தடவியும் பார்த்துக்கொண்டேன். இதுதான் நான் செய்தது. புகாரில் இல்லாதது இதுதான். வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை, பார்வை இருந்தால்தானே. தெரிந்தவர்கள் சும்மா இருந்தார்கள்.

அவர் திரும்பி வந்து அட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேரேட்டைத் திறந்தார். பழனிசாமியைக் கோட்டில் நிற்கச் சொல்லி, "போலோ" என்றார். பழனிசாமி கையைக் கட்டிக்கொண்டு, சீதா, ஊப்பர், உல்டா, நீச்சே, நீச்சே என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருபத்தெட்டையும் சொல்லி முடித்தார். அட்டையில் அதில் ஒன்றும் அந்த இடத்தில் இல்லை. கம்பவுண்டர் பேரேட்டில் எழுதிக்கொண்டே, "டீக் ஹை. பிலகுல் டீக்" என்று சீட்டைக் கிழித்து நீட்டினார்.

பார்வை இருந்த ஒரு மலையாளிப் பெண் முதலில் சிரித்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அட்டையைக் காட்டினாள். அதன் பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பார்க்க முடியாதவர்கள் என்னவென்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போய், "பார்த்தீங்களா பழனிசாமி அண்ணே? இவனும் நம்மளை மாதிரி மனப்பாடம்தான். நீங்க அட்டையைப் பார்க்கலை, அவனும் பார்க்கலை. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு" என்றேன். இந்த வார்த்தைகளை நான் சொன்னது உண்மை. மரியாதை இல்லாமல் அவன் என்று சொன்னதும் உண்மை.

அதன் பிறகு அவர் எழுந்து அட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அடியில் தொங்கிய குச்சியைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் வந்து பார்க்கிற வரைக்கும் இதை யாரும் கழற்றக் கூடாது என்றேன். அவர் இன்னும் பலமாக இழுத்ததில் அட்டை நடுவில் கிழிந்தது. என் பக்கத்துப் பாதி என் கையிலேயே இருந்தது. அவர் பக்கத்துப் பாதியோடு அவர் பின்னால் போய், படி விளிம்பில் கால் தவறி, கீழே வைத்திருந்த கண்ணாடிச் சில் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி உடைந்தது அப்படித்தான். நான் அவரைத் தொடவில்லை. தொட ஆசை இருந்ததா என்று எழுதுகிறவர் கேட்கிறார். இருந்தது. தொடவில்லை.

சத்தம் கேட்டு ஆபரேஷன் டாக்டர் வெளியே வந்தார். அவரை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன், உயரமானவர் என்பது மட்டும் தெரிந்தது. என் பக்கத்துப் பாதி அட்டையை வாங்கி, தானே கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பென்சிலால் அங்கும் இங்குமாகத் தொட்டு, பழனிசாமியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பழனிசாமிக்குப் பென்சிலே தெரியவில்லை. டாக்டர் அவர் முகவாயைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார், பார்த்துவிட்டு இங்கிலீஷில் கம்பவுண்டரிடம் ஏதோ கேட்டார். அன்றைக்கு அங்கிருந்த எல்லோரையும் டாக்டரே முதலிலிருந்து பார்த்தார். பழனிசாமிக்கும் ருக்குவுக்கும் எனக்கும் பெயர் எழுதினார். ருக்குவை மறுநாளே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை, கடைசி நாள் என்று சொன்னார்கள்.

அதன் பிறகு நேற்று மாலை ஒரு காவலர் வீட்டுக்கு வந்து, என் மேல் புகார் இருக்கிறது, ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அரசு ஊழியரை அடித்த வழக்கு தீராமல் முகாமில் சேர்க்க முடியாது என்று முகாம் அதிகாரி என் பெயரை அடித்துவிட்டார் என்று சொன்னார். நாளை வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் கப்பல். அடுத்த கப்பலில் டாக்டர் வர ஒரு வருஷம். இடது கண் முற்றி வெடிக்க எட்டு மாதம்தான் ஆனது.

இன்று காலையில் எழுதுகிறவர் எனக்கு ஒரு சமாதானம் சொன்னார். "ஆத்தா, கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருக்கார். கோபத்துல தள்ளிட்டேன், மன்னிச்சுக்கன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லு. புகாரை வாங்கிக்கிறாராம், உன் பேரும் திரும்ப ஏறிடும். கண்ணை நினைச்சுப் பாரு" என்றார். அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். நான், "அவரை அந்த அட்டைக்கு முன்னால நிக்கச் சொல்லுங்க. பல்லு எந்தப் பக்கம்னு பார்த்துச் சொல்லட்டும். பார்க்காமச் சொல்லப்படாது. சொல்லிட்டா நான் மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன். தள்ளாதவள் தள்ளினேன் என்று சொன்னால், அவர் அடுத்த வருஷமும் அதே நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். வரிசையில் யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

குச்சி வைத்துக் காட்டுவதற்கும், முகத்தைப் பார்ப்பதற்கும், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், அது குற்றமில்லை என்று ஒரு வார்த்தை சொல்வதற்கும் பெரிய படிப்பு வேண்டாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

மேலே எழுதியதை எழுதுகிறவர் எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டினார். கேட்ட பிறகு நான் அதை முதலிலிருந்து அவருக்குத் திருப்பிச் சொன்னேன். நான் வாயால் சொன்னதில் இரண்டு இடம் விட்டுப்போயிருப்பதையும் சொன்னேன். அவற்றையும் சேர்க்கச் சொல்லி எழுதுவது:

ஒன்று. கம்பவுண்டர் டீ குடிக்கப் போனபோது இரண்டு பிஸ்கட்டும் தின்றார். வெயிலில் அறுபது பேர் நின்றோம். இது சின்ன விஷயம் என்று எழுதுகிறவர் விட்டிருக்கிறார். நின்றவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இரண்டு. போன வருஷம் எனக்குப் பின்னால் நின்ற ருக்கு, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு, ஒண்ணுமே தெரியலை, மரத்தடிக்கு அனுப்பிடுவான்" என்று அழுதாள். இருபத்தெட்டையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். நான்கு தடவை சொல்லிக் கொடுத்தேன், நீச்சே இரண்டு தரம் வருகிற இடத்தில் அவள் தவறினாள், கையில் கிள்ளித் திருத்தினேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் போன வருஷமே அன்னம்மாளோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். இதை எழுதினால் வழக்கு உனக்கு எதிராகப் போகும், ஆத்தா, அதனால்தான் விட்டேன் என்றார். "பாதகமா சாதகமான்னு நான் கேட்டேனா? சொன்னதை எழுதுங்க" என்றேன். எழுதினார்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும். யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொன்னது இல்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கோடு தெரியாததால் பெருவிரல் வைக்கிறேன்.

மரகதம், இடது பெருவிரல் ரேகை.

சாட்சிக் குறிப்பு: மேற்படி மரகதம் சொன்னபடி என்னால் எழுதப்பட்டது. ஒரு முறை படித்துக் காட்டியதும் அவர் முழுவதையும் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னது உண்மை. இதன் நகல் ஒன்று, ஒரு முறை கேட்டதை இவரால் ஒப்பிக்க முடியும், நாளைய பட்டியலில் இவர் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது என்ற என் குறிப்போடு, இன்று மாலை ஐந்து மணிக்கு முகாம் டாக்டர் கையில் நேரில் கொடுக்க அனுப்பப்படுகிறது. ரேகை வைக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்து வைக்கவில்லை. கீழே, இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லச் சொல்ல அவரே வைத்தார்.

குழந்தைவேலு, தலைமைக் காவலர்.